பரணில் கிடக்கும் வீரம்

போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழர்குடித் தோன்றல், ஆமூரில் மல்லன் ஒருவனோடு பொருது அவனை வீழ்த்திய செய்தியைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் அவனைப் பாடிய ஆறு பாடல்கள் புறநானூற்றில் 80 முதல் 85 வரை அமைந்துள்ளன. அந்த மல்லாடல் நிகழ்ந்த களம் இன்று இல்லை. பார்த்து ஆர்ப்பரித்த கூட்டமும் இல்லை. ஆயினும் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்போட்டியைப் பற்றி நாம் பேசுகிறோம். புலவர்கள் பாடினர், யாரோ அதை ஏட்டில் எழுதினர், யாரோ அந்த ஏட்டைக் கறையானுக்கு இரையாகாமல் காத்தனர், 1894இல் உ.வே.சாமிநாதையர் அதனை அச்சேற்றினார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் கிள்ளியும் இல்லை, ஆமூர் மல்லனும் இல்லை.

வீரத்தை நினைவில் நிறுத்துவது தமிழர்க்குப் புதிதன்று. களத்தில் வீழ்ந்தார்க்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிநிலை வகுத்துக் கூறுகிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சேவற்போரில் உயிர்விட்ட கோழி ஒன்றுக்கே நடுகல் எடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர். ஒரு சேவலின் வீரத்தையும் மறக்கலாகாது என்று எண்ணிய இனம் நாம். அத்தகைய நாம், நம் கண்முன்னே வாழ்ந்து மறையும் வீரர்களுக்கு என்ன செய்திருக்கிறோம்? குறிப்பாக, இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் இந்த உழைப்பாளர் பகுதியில் பிறந்து, கையுறை அணிந்தும் கேரம் பலகை முன் அமர்ந்தும் பெயர் பெற்றவர்களின் நினைவுப் பொருள்கள் எங்கே இருக்கின்றன? இவ்வினாவையே இக்கட்டுரையில் எழுப்ப விழைகிறோம்.

அட்டைகளின் கதை

விளையாட்டு வீரர்களின் படம் பொறித்த சிற்றட்டைகளையும், அவர்கள் பயன்படுத்திய பொருள்களையும் சேகரிப்பது மேலை நாடுகளில் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். அதன் தொடக்கம் அத்துணைச் சிறப்புடையதன்று. 1880களில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள், மெல்லிய பொட்டலம் நசுங்காமல் இருக்க ஓர் அட்டைத் துண்டை உள்ளே வைத்தன. வெற்று அட்டையை வைப்பதினும் ஆட்டக்காரர் படத்தை அச்சிட்டு வைத்தால் விற்பனை பெருகும் என்று கண்டுகொண்டன. பிரிட்டனில் வில்ஸ் நிறுவனமும் அவ்வழியே சென்றது. பின்னர்ச் சூயிங்கம் விற்போர் அதே உத்தியைக் கையாண்டனர். நம் நாட்டிலும் 1980களின் இறுதியில் பிக் ஃபன் பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படமும் ஓட்ட எண்ணிக்கையும் அச்சிட்ட அட்டைகள் வந்ததையும், அவற்றைச் சேர்க்கச் சிறுவர்கள் தெருத்தெருவாய் அலைந்ததையும் இன்றைய பெற்றோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

எறியத்தக்க அந்த அட்டைகள் இன்று எட்டியுள்ள விலை நம்மைத் திகைக்க வைக்கிறது. 1952இல் டாப்ஸ் நிறுவனம் அச்சிட்ட மிக்கி மேண்டில் என்னும் பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. அதே ஆண்டுத் தொகுதியில் விற்காமல் தேங்கியவற்றை அந்நிறுவனமே 1960இல் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியது! 2022 ஜூலையில், முஹம்மது அலி 1974இல் ஜார்ஜ் ஃபோர்மனை வென்ற போட்டியோடு தொடர்புடைய வாகையர் பட்டை 61 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று.

இவ்விலைகளைக் கண்டு வாய்பிளப்பதில் பயனில்லை. நமக்குப் பாடமாக அமைவது வேறொருவர் வாழ்க்கை. ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த எளிய தொழிலாளி. மூட்டுவாதத்தால் கைகால் முடங்கி வந்தவர். அவர் பிறர் எறிந்த அட்டைகளைச் சேகரித்தார். 1939இல் அவற்றுக்கு முறையான அட்டவணை ஒன்று வகுத்து வெளியிட்டார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக் கூடத்துக்கு விலையின்றி வழங்கினார். அவற்றுள் ஏறத்தாழ 30,000 பேஸ்பால் அட்டைகள். வளைந்த விரல்களோடு அங்கேயே அமர்ந்து ஆண்டுக்கணக்கில் அவற்றை ஏடுகளில் ஒட்டினார். 1963 ஜனவரியில் பணியை முடித்தார், மார்ச்சில் மறைந்தார். செல்வர் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்த வேலையன்று இது. ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் நாட்டு வரலாற்றுக்குச் செய்த தொண்டு. ஆலைத் தொழிலாளர் நிறைந்த நம் பகுதிக்கு இதனினும் பொருத்தமான முன்மாதிரி வேறு உண்டோ?

நம் மண்ணில் உள்ளவை

நம் பகுதியில் சேகரிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக் கூடும். ஏராளம் உண்டு என்பதே நம் விடை.

முதலில் குத்துச்சண்டை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் துறைமுகத்தோடு வந்திறங்கிய இவ்விளையாட்டை வடசென்னை மக்கள் தமதாக்கிக் கொண்டனர். 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று அதற்குப் பெயரிட்டனர். பயிற்சி தருபவரை வாத்தியார் என்றனர். ஒரு வாத்தியாரின் வழிவந்தோரைப் பரம்பரை என்றனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை, கறியார பாபு பாய் பரம்பரை எனப் பல பரம்பரைகள் களம் கண்டன. பெயர்களை நோக்குங்கள். மீனவரும் துறைமுகக் கூலிகளும் ஆலைத் தொழிலாளரும், இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் ஒரே வளையத்துள் நின்ற வரலாறு அப்பெயர்களிலேயே பொதிந்து கிடக்கிறது. கித்தேரி முத்து என்ற பெயரை இன்றும் முதியோர் பெருமிதத்தோடு சொல்கின்றனர். 2021 ஜூலையில் பா.இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் வெளிவந்த பிறகுதான், இப்படி ஒரு வரலாறு உண்டு என்பதே நம் இளைஞர் பலர்க்குத் தெரிந்தது. வாழ்ந்த தெருவின் வரலாற்றைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தது குறித்து நாம் நாணத்தான் வேண்டும்.

அடுத்துக் கேரம். மரிய இருதயம் 1991இல் உலக வாகையர் ஆனார். 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி, 2008இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று வந்தார். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தன் தெருவில் பயின்ற கலையைக் கடல் கடந்து நிலைநாட்டியபோது, நம் சமுதாயத்து இல்லங்களிலெல்லாம் மகிழ்ச்சி பொங்கியது. ஆனால் அவர் சிறுமியாக இருந்தபோது சுண்டிய ஸ்ட்ரைக்கர் எங்கேனும் போற்றி வைக்கப்படுமா? முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேரன் கேட்டால் காட்ட நம்மிடம் ஏதேனும் இருக்குமா?

மூன்றாவதாக, தொழிற்சாலைகளோடு பிணைந்த விளையாட்டு. இரயில் பெட்டித் தொழிற்சாலையும் துறைமுகமும் தத்தம் ஆட்டக் குழுக்களைப் பேணி வந்தன. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று, 1990களில் சச்சின் டெண்டுல்கரின் மட்டையில் அந்த மூன்றெழுத்து ஒட்டப்பட்டபோது, நாடெங்கும் சிறுவர்கள் தம் மட்டைகளில் அதைத் தாமே எழுதிக்கொண்டனர். இன்று சேகரிப்போர் விரும்பித் தேடும் அந்த எழுத்துகளின் வேர் நம் திருவொற்றியூரில் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? 1996இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை மூடப்பட்டது. ஓர் ஆலை மூடப்படும்போது இயந்திரங்களுக்குக் கணக்கு எழுதுகிறார்கள், நிலத்தை அளக்கிறார்கள். சுவரில் தொங்கிய குழுப் புகைப்படங்களுக்கும் அலமாரியில் நின்ற கோப்பைகளுக்கும் எவரும் கணக்கு எழுதுவதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். 1980இல் முஹம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். அவரைக் காண வடசென்னையின் குத்துச்சண்டை அன்பர்கள் திரண்டனர். அவர் நின்ற அந்தப் பழைய அரங்கம் இன்று இல்லை; அவ்விடத்தில் 1993இல் புதிய அரங்கம் எழுந்தது. அன்றைய நுழைவுச் சீட்டு ஒன்று, சுவரொட்டி ஒன்று, தனியார் ஒருவர் எடுத்த புகைப்படம் ஒன்று எந்த வீட்டுப் பரணிலாவது இருக்கக்கூடும். அதன் உரிமையாளர் அதைப் பழைய காகிதம் என்றே எண்ணியிருக்கக்கூடும்.

காலம் தாழ்த்தலாகாது

ஏன் இந்த அவசரம் என்று கேட்பார்க்கு மூன்று காரணங்களைக் கூறுவோம்.

ஒன்று, மனிதர்கள் மறைகிறார்கள். அக்காலக் குத்துச்சண்டை வீரர்களுள் இன்று எஞ்சியிருப்போர் முதுமை எய்திவிட்டனர். ஒரு புகைப்படத்தில் நிற்பவர் யார், எந்த ஆண்டு, எந்தக் களம் என்று சொல்லக்கூடியவர் மறைந்தபின், அப்படம் வெறும் படமே. இரண்டு, வீடுகள் மாறுகின்றன. கரையோரக் குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்படும்போது, அண்டாவும் கட்டிலும் வண்டி ஏறும். பரணிலிருந்த தகரப்பெட்டி பழைய பொருள் வாங்குபவர் கைக்குப் போகும். மூன்று, நீரும் உப்புக்காற்றும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தாழ்வான வீடுகளில் நீர் புகுந்ததை நாமறிவோம். காகிதம் நனைந்தால் கூழ். பதக்கம் உப்புக்காற்றில் களிம்பேறும்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று வாளாவிருக்கவும் இயலாது. 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் ஹாக்கித் தங்கம் வென்ற பல்பீர் சிங், 1985இல் தம் 36 பதக்கங்களையும், மெல்போர்னில் அணித்தலைவராக அணிந்த மேலங்கியையும், நூற்றுக்கும் மேற்பட்ட அரிய புகைப்படங்களையும் அருங்காட்சியகம் அமைக்கவென இந்திய விளையாட்டு ஆணையத்திடம் வழங்கினார். பின்னாளில் அவை எங்கே என்று கேட்டபோது உரிய விடை கிடைக்கவில்லை. அவர் 2020இல் கண்மூடும் வரை அவை மீளவில்லை. நாடறிந்த வீரருக்கே இந்நிலை என்றால், பேர் தெரியாத நம் தெரு வீரர்களின் பொருளுக்கு யார் காவல்?

தடைகளுக்கு விடை

"பழைய அட்டையும் கிழிந்த கையுறையும் வாங்கப் பணம் செலவிடுவது வீண்விரயம் அல்லவா?" என்று நம் பெரியோர் சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. வீண்விரயத்தை நாமும் ஏற்கோம். உள்ளே என்ன அட்டை இருக்கும் என்று தெரியாமலே உறை உறையாக வாங்கிப் பிரித்து, அரிய அட்டை வந்தால் விற்கலாம் என்று காத்திருக்கும் பழக்கம் வெளிநாடுகளில் பெருகியுள்ளது. அது சேகரிப்பு அன்று; சூதின் நிழல். சூது தரும் கேட்டைத் தனி அதிகாரமாகவே வள்ளுவர் வகுத்துரைத்தார். மேலும், 1980களின் இறுதியில் அமெரிக்காவில் இலாப ஆசையால் அட்டைகளை அளவிறந்து அச்சிட்டனர், எல்லாரும் பத்திரப்படுத்தினர், எல்லாரிடமும் இருப்பதால் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இன்று விலையே இல்லை. பணம் புகுந்த இடத்தில் பொய்யும் புகுந்தது. வீரர்களின் கையொப்பத்தைப் போலியாக இட்டு விற்ற கும்பல்களைப் பிடிக்க அமெரிக்க உளவுத்துறை தனி நடவடிக்கையே மேற்கொள்ள நேர்ந்தது. ஆகவே, விலையை நோக்கிச் சேகரிப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. சான்றை நோக்கிச் சேகரிப்பதையே வற்புறுத்துகிறோம்.

"குத்துச்சண்டைக் களங்களில் பகையும் கலவரமும் இருந்தனவே, அவற்றையும் போற்ற வேண்டுமா?" என்பது இன்னொரு கேள்வி. இருந்தன, மறுக்கவில்லை. பரம்பரைப் பகை தெருச்சண்டையாக முற்றியதும் உண்டு. திறமை மிக்க இளைஞர் சிலர் வழிதவறிச் சீரழிந்ததும் உண்டு. இவற்றை மறைத்து வெற்றிக் கோப்பைகளை மட்டும் அடுக்கினால் அது வரலாறாகாது, புகழ்மாலையாகவே முடியும். தோற்றவரின் படமும், தடை செய்யப்பட்ட போட்டியின் துண்டறிக்கையும் சேர்ந்திருந்தால்தான் பின்வருவோர் உண்மையை எடைபோட முடியும். வடசென்னை என்றாலே வன்முறை என்று எழுதிவிடும் பேனாக்களுக்கு மறுமொழி, நாம் உரக்கக் கூவுவதில் இல்லை. முழுச் சான்றையும் எடுத்துவைப்பதில் இருக்கிறது.

மூன்றாவது ஓர் எச்சரிக்கையை நமக்கு நாமே விடுத்துக்கொள்கிறோம். வறுமையில் வாடும் முதிய வீரரின் வீட்டுக்குச் சென்று, அவர் அருமை அறியாத ஒரு பொருளை நூறு ரூபாய்க்கு வாங்கி வந்து பல மடங்குக்கு விற்பவனைச் சேகரிப்பாளன் என்று அழையோம். பொருளின் மதிப்பை உள்ளபடி சொல்ல வேண்டும். அவர் தர விரும்பாவிடில், படம் எடுத்துக்கொண்டு பொருளை அவரிடமே விட்டுவர வேண்டும். பொருள் அவர் வீட்டில் இருப்பதே பல வேளைகளில் சிறப்பு. அதன் கதை அந்த வீட்டில்தான் உயிரோடு இருக்கிறது.

செய்யத்தக்கவை

இப்பணியைத் தமிழ்த்துறை ஏன் செய்ய வேண்டும், உடற்கல்வித் துறை செய்யட்டுமே என்பார்க்கு ஒரு சொல். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் விளம்பரப் பலகை ஓவியர், நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் விடாமல் தொகுத்தார். 1992இல் அவர் மறைந்த பின், அத்தொகுப்பே 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. பெருநூல்களில் கிடைக்காத மக்கள் மொழி, எறியப்படும் துண்டறிக்கையில்தான் கிடைக்கிறது. 'ரோஷமான' என்னும் அடைமொழியை எந்த அகராதியாசிரியர் படைத்தார்? வாத்தியார், பரம்பரை என்னும் சொற்கள் குத்துச்சண்டைக் களத்தில் பெற்ற புதுப்பொருளையும், ரெட்டு, ஃபாலோ, ஸ்ட்ரைக்கர் எனக் கேரம் பலகையைச் சுற்றி வழங்கும் சொற்களையும் தொகுப்பது தமிழ் மாணவரின் கடமையன்றி வேறு யாருடையது?

ஆகவே, ஓராண்டுக்கான சிறு திட்டம் ஒன்றை முன்மொழிகிறோம். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து வரும் மாணவர்கள் தத்தம் தெருவில் உள்ள முதிய விளையாட்டு வீரர் ஒருவரைத் தேடிச் செல்லட்டும். அவர் பேச்சை ஒலிப்பதிவு செய்யட்டும். பழைய சுவரொட்டி, துண்டறிக்கை, சீட்டு, அட்டை, பதக்கம், கையுறை, 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' போன்ற நின்றுபோன இதழ்களின் பக்கங்கள் ஆகியவற்றை இருபுறமும் படம் எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள், எந்த ஆண்டு, எங்கே பயன்பட்டது, யாரிடம் உள்ளது, சொன்னவர் யார் என ஐந்து வரிக் குறிப்பு போதும். ஆண்டு தெரியாவிடில் ஊகித்து எழுதலாகாது. இடத்தை வெறுமையாக விட வேண்டும்.

பாதுகாப்பு முறையும் கடினமானதன்று. கிழிந்த காகிதத்தைச் செலோடேப் கொண்டு ஒட்டலாகாது. நாளடைவில் பசை மஞ்சளித்துக் காகிதத்தை அரிக்கும். அரிய தாளை லேமினேட் செய்யலாகாது. பின்னர்ப் பிரிக்க இயலாது. புகைப்படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். பதக்கத்தைப் புளியிட்டுத் துலக்கலாகாது. உலர்ந்த துணியில் சுற்றிக் காற்றுப்புகாப் பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி, அதற்கு ஒரு பூட்டு, பொருள்களைப் பதிய ஒரு பேரேடு: இவ்வளவே தேவை. பேரேடு இன்றி அலமாரி மட்டும் இருந்தால், தந்தவர் பெயரும் பொருளும் காலப்போக்கில் மறைந்துவிடும். பல்பீர் சிங்கின் பதக்கங்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே. பொருளைப் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்திட்ட சீட்டு ஒன்றைத் தருபவர்க்குக் கட்டாயம் அளிக்க வேண்டும்.

1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்தின் கட்டடத்தைப் பழம்பெருமை என்று நாம் கொண்டாடுகிறோம். கொண்டாடத்தக்கதே. ஆனால் அக்கட்டடத்தின் நிழலில் மூட்டை சுமந்து, மாலையில் கையுறை மாட்டிய மனிதர்க்கும் ஒரு பெருமை உண்டு. அது கல்லால் கட்டப்படாததால் விரைவில் சிதையும். ஆமூர் மல்லனை வென்றவனுக்குச் சாத்தந்தையார் வாய்த்தார்; நக்கண்ணையார் வாய்த்தார். நம் வாத்தியார்களுக்கும் வீராங்கனைகளுக்கும் வாய்க்க வேண்டியவர்கள் இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் மாணவர்களே. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். தாத்தாவிடம் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேளுங்கள்.